மலைபடுகடாத்துத் தேறலும் தோட்டத்துக் கள்ளும்

சங்க நூல்களிற் கள் என்னுஞ் சொல் வந்துவிட்டால், நம்மவருள் இரு திறத்தார் எழுந்து நிற்பர். ஒரு திறத்தார், "பாரியின் பறம்பிலே மதுச்சாடி திறந்தே இருந்தது, அதியமான் ஔவையோடு கள்ளுண்டான், அவர் உண்டதை நாம் உண்டால் குற்றமென்ன?" என்பர். மற்றொரு திறத்தார் சீர்திருத்தம் விழைவோர். அவர் அத்தகைய அடிகளைக் கண்டதும் ஏட்டை மடக்கிவிடுவர். மாணாக்கர்க்கு அப்பகுதியை விடுத்து மேலும் கீழும் பாடஞ் சொல்லுதலே நலம் என்பது அவர் கொள்கை. பிரிக்பீல்ட்ஸிற் கூடும் இலக்கிய மன்றமாயினும், கிள்ளான் புறத்துத் தோட்டப் பள்ளியாயினும், இவ்விரு குரலுங் கேளாத இடம் அரிது.

முன்னவர் பழமையைக் காட்டித் தம் பழக்கத்தைக் காக்கின்றனர். பின்னவர் பழக்கத்திற்கு அஞ்சிப் பழமையை மறைக்கின்றனர். இருவரும் பாட்டைப் படித்திலர் என்பதே நம் கருத்து. இதனை ஒரு நூலை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அந்நூல் மலைபடுகடாம்.

வழி கூறும் பாட்டு

மேனாட்டார் மது விளையும் மலைநாடுகளுக்குச் சென்று, கொடிமுந்திரிச் சாரலைக் கண்டு, மதுவைச் சுவைத்து வந்து நூல் எழுதுவர். நம் மொழியில் அதற்கு நேரானதொன்றைத் தேடுவார்க்கு மலைபடுகடாமே கிடைக்கும். இது பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு, 583 அடிகளையுடையது, கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊராகிய செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். பாட்டில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அறிஞர் கூறுவர். நச்சினார்க்கினியர் உரையோடு இந்நூலைப் பத்துப்பாட்டினுள் வைத்து உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சிட்டு உலகிற்கு அளித்தார்.

ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துதல். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்படும் மற்றொரு கூத்தர் கூட்டத்தை நோக்கி, "நீவிரும் அங்கே செல்லுமின்; வழி இவ்வாறு இருக்கும்" என்று கூறுவதாகப் பாட்டு அமைந்துள்ளது. கேட்போர் பணம் படைத்த பயணிகள் அல்லர். இசைக்கருவிகளைப் பையிலிட்டுத் தோளிற் சுமந்து, நடந்து நடந்து கால் நொந்த விறலியரோடு வரும் ஏழைகள். இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னே வரும் விருந்து இவர்க்கே அளிக்கப்படுகிறது.

மலையும் மலையோரும்

மலைவழியைக் கூறும் புலவர் எதனையும் பூசி மெழுகவில்லை. பன்றிக்கு வைத்த பொறி உண்டு. பாம்பு உறையும் குழி உண்டு. யானையை ஓட்டப் பரண்மீதிருந்து குறவர் எறியும் கவண்கல் வந்து விழும். பாறையிற் பாசி வழுக்கும். ஆழ்ந்த சுனையில் முதலை கிடக்கும். இவற்றையெல்லாம் முறையே சொல்லி எச்சரிக்கிறார். அவ்வாறே, தினை, எள், அவரை, வரகு, இஞ்சி, வாழை, மூங்கில் நெல் என மலையின் விளைவுகளையும் எண்ணிக் காட்டுகிறார். அஞ்சத்தக்கதையும் உண்ணத்தக்கதையும் ஒருங்கே சொல்லும் இந்நேர்மை, பயண நூல் எழுதுவோர் அனைவர்க்கும் வேண்டற்பாலது.

பின்பு மலையோர் சிற்றூர் வருகிறது. அங்கே வாயிலில் நின்று இசைவு கேட்க வேண்டுவதில்லை. உம் வீட்டில் நுழைவதுபோல நுழையலாம். உறவினர்போலக் கலந்து பழகலாம் என்கிறான் வழிகூறுவோன். வீட்டார் இன்சொற் கூறி வழிநடை வருத்தத்தைப் போக்குவர். நெய்யில் வெந்த ஊனும் தினைச்சோறும் இடுவர்.

அதற்கடுத்தே மது வருகிறது. மூங்கிற் குழாயிற் பெய்து முற்றவைத்த தேனின் தேறலை விருந்தினர் குறைவின்றிப் பருகுவர். நெல்லினாற் செய்த நறவையும் உண்டு மகிழ்வர். விடியற்காலையில் முன்னிரவின் மயக்கம் தீராமல் தலை கனக்கும். அது தீரும்பொருட்டுக் குறமகள் உணவு ஆக்குகிறாள். அருவி அடித்துக் கொணர்ந்த பலாவின் வித்தும், வேட்டையிற் கிடைத்த ஊனும், புளியும் மோரும் கலந்த உலையில் மூங்கிலரிசிச் சோறும் ஆயத்தமாகின்றன. "போகாதீர், இருமின்" என்று தடுத்துத் தம் மக்களுக்கு இடுவதுபோல ஒவ்வொரு வீட்டிலும் இடுகின்றனர்.

கள்ளின் பெயரால் நம்மவர் பூசலிடும் பகுதி இதுவே. இதனைச் சற்று நின்று நோக்குவோம்.

மூன்று செய்திகள்

முதலாவது, இம்மதுவைச் செய்தவர் யார்? உண்ணக் கொடுப்பவரே செய்தவர். மூலப்பொருள் மலைத்தேன். செங்குத்தான பாறையிற் கண்ணேணி சார்த்தி ஏறித் தேன் கொள்ளும் ஆரவாரத்தைப் புலவர் பின்னொரு பகுதியில் தனியே குறிக்கிறார். தேன் தானாகப் புளிப்பதன்று. நீர் கலந்து வைத்தாலன்றி மதுவாகாது. வைத்த பின்பு நாள் செல்லவேண்டும். கசடு அடியில் தங்க வேண்டும். மேலே தெளிந்து நிற்பதே தேறல். தேறுதல் என்பதற்குத் தெளிதல் என்பது பொருள். அது முற்றியதைப் புலவர் பயிர் விளைந்ததைச் சொல்லும் சொல்லாலேயே சொல்கிறார். அவர் கண்ணுக்கு மதுவும் மலையின் வெள்ளாண்மையுள் ஒன்று. தேனும் மலையினது, குழாயும் மலையினது, உழைப்பும் மலையோரது, விளைவும் அவரது.

இரண்டாவது, அது எவ்வாறு கைமாறுகிறது? விலையின்றிக் கைமாறுகிறது. பகுதி முழுதும் தேடினும் காசு என்பதில்லை, கடன் என்பதில்லை, அளந்து ஊற்றுவார் இல்லை. வறியவனுக்கு உள்ளவன் கொடுக்கிறான். ஔவையார் அதியமானை நினைந்து அரற்றிய புறப்பாட்டிலும் செய்தி இதுவே. சிறிது இருந்தபோது புலவர்க்கே கொடுத்தான், பெரிது இருந்தபோது உடனிருந்து உண்டான் என்பதற்கன்றோ அம்மூதாட்டி அழுதாள்? அப்பாட்டினின்று பகிர்தலை நீக்கிக் கள்ளை மட்டும் எடுத்துக்கொள்வது, தாலாட்டினின்று தாயை நீக்கி ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வதை ஒக்கும்.

மூன்றாவது, மறுநாட் காலை யாருடையது? இதுவே நம்மவர் கண்ணிற் படாதது. மது மகிழ்ச்சி தரும் என்பதோடு புலவர் நின்றுவிடவில்லை. அது விடியலில் மயக்கமாய் எஞ்சும் என்பதை ஒளியாமற் கூறுகிறார். ஆயின் அம்மயக்கத்தைத் தீர்க்கும் பொறுப்பையும் மது கொடுத்த வீடே ஏற்கிறது. இரவில் ஊற்றிய கை காலையிற் சோறிடுகிறது. இந்த ஒழுங்கு இன்றேல் அப்பகுதி விருந்தைப் பாடியதாகாது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்குவார்க்குப் புலவர் பாடிய பொருள் யாது என்பது விளங்கும். தம் நிலத்தின் விளைவு தம் கையில் இருக்கப்பெற்ற மக்கள், அதனை வழிப்போக்கர்க்கும் பகிர்ந்து வாழ்ந்த வாழ்வே அப்பொருள். தேறல் அதன் ஓர் அடையாளம்.

அரசன் மதுவும் வணிகன் மதுவும்

சங்க காலத்தில் வேறொரு மதுவும் இருந்தது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அவன் நாடோறும் உண்டு இனிது வாழவேண்டும் என்று வாழ்த்துகிறார். அது மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, அத்தகைய மது வந்த சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. பாட்டில் உள்ளது மண்ணிலும் இருந்தது.

குறவன் குழாயில் இருந்ததற்கும் பாண்டியன் பொற்கலத்தில் இருந்ததற்கும் தேறல் என்பதே பெயர். பெயர் ஒன்று, வழி வேறு. ஒன்று பாறையினின்று இறங்கி வீட்டுக்கு வந்து விருந்தினன் கையை அடைந்தது. மற்றொன்று கடல் கடந்து பொன்னுக்கு மாறி அரசன் ஒருவன் வாயை அடைந்தது. நக்கீரர் பாட்டில் அதனை வழிப்போக்கர்க்கு ஊற்றியதாகச் செய்தியில்லை.

திராட்சை விளையும் மலைநாடுகளின் வரலாறும் இவ்வேற்றுமையைக் காட்டும். போர்த்துக்கல் நாட்டு டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, செங்குத்தான கற்சரிவிற் படிப்படியாகக் கற்சுவர் எழுப்பித் திராட்சைக்கொடி வளர்க்கப்பட்ட மலைநாடு. 1756-இல் அரசு அதற்கு எல்லை வகுத்தது. 2001-இல் அஃது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதனைக் காணச் செல்வோர் அப்படிகளின் அழகை வியப்பர். அப்படிகளைக் கட்டியவர் பெயரறியாத மலைக்கூலிகள். அவர் பறித்து மிதித்துப் பிழிந்த மது மிடாக்களிற் படகேறி ஆற்றின் வழியே போர்ட்டோ துறைக்கு இறங்கிற்று. அங்கே ஆங்கில வணிகர் அதனைக் கொண்டு கப்பலேற்றினர். மதுவின் பெயரும் துறைமுகத்தின் பெயராலேயே அமைந்தது. மலையின் பெயர் புட்டியில் நில்லாது கழிந்தது.

தமிழ்நாட்டில் மலையடித் திராட்சைத் தோட்டம் காண விரும்புவார் இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்லலாம். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-இற் புவிசார் குறியீடு பெற்றது. விளைபொருளோடு ஊரின் பெயரும் ஒட்டிநிற்பதற்குச் சட்டம் தேவையாயிற்று என்பது நினைக்கத்தக்கது. நன்னன் மலையில் அதற்குத் தேவை எழவில்லை. அங்கே உண்டவன் ஊற்றியவன் முகத்தைக் கண்டு உண்டான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இனி நம் நிலத்திற்கு வருவோம். சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் விடியுமுன் பெரட்டிற்கு நின்றனர். மரம் மரமாய்ப் பால் சீவினர். வாளியிற் சேர்த்து நிறுவைக்குச் சுமந்தனர். அப்பால் இலண்டன் சந்தைக்குப் போயிற்று. மாலையில் அவர் கையில் எஞ்சிய காசு வேறொரு மரத்தின் நீருக்குப் போயிற்று. ஒரு மரத்தின் பாலை விற்கவும் அவருக்கு உரிமையில்லை. மற்றொரு மரத்தின் பாளையைச் சீவவும் உரிமையில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையின் உரிமம் நிருவாகத்தின் கையில் இருந்தது. கூலி கொடுத்த கையே கள்ளை விற்றுக் கூலியிற் பெரும்பங்கைத் திரும்பப் பெற்றது. கடையின் இலாபம் தொழிலாளர் நலத்திற்கே செலவாகிறது என்று சொல்லப்பட்டதும் உண்டு. குடிப்பவன் பிள்ளையின் சோற்றை வாங்கிப் பிள்ளைக்கே பந்து வாங்கிக் கொடுப்பது நலமாயின், அதுவும் நலமே.

கள்ளின் இயல்பும் இவ்வாணிகத்திற்குத் துணை நின்றது. தென்னங்கள் இறக்கிய சில நாழிகையிலேயே பொங்கத் தொடங்கும். மறுநாட் புளித்துக் காடியாகும். வைத்துக் காக்க இயலாது. ஆதலின் அன்றிறக்கியது அன்றே விலையாதல் வேண்டும். குறவன் தேறல் முற்றுவதற்குக் காத்திருந்தான். கடைக்காரனோ கள் புளிப்பதற்கு முன் குடிப்பவன் வருதலை எதிர்நோக்கினான். முன்னதில் மனிதன் மதுவுக்குக் காத்திருந்தான். பின்னதில் மது மனிதனைத் தேடியது. நாள்தோறும் குடிப்பவன் ஒருவன் வேண்டும் என்பது அவ்வாணிகத்தின் உயிர்நிலை.

மறுநாட் காலை? நன்னன் மலையிற் புளியும் மோரும் கலந்த சோறு வந்தது. தோட்டத்திற் பெரட்டு மணி வந்தது. எழ இயலாதவனுக்கு அன்றைக் கூலி போயிற்று. வீட்டிற் சோறாக்க வேண்டியவளும் மரம் சீவப் போகவேண்டியவளே. கள்ளுக்கடை மாலையை மட்டும் அறியும். காலையை அவன் மனைவி அறிவாள்.

இவ்வேற்றுமையை ஏட்டறிவு உடையோர்க்கு முன்னரே தோட்டத் தொழிலாளர் உணர்ந்தனர். 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவிற்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' இதழிற் பணியாற்றிய ஆர். எச். நாதனும் அதில் முன்னின்றனர். அவர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை. அவற்றோடு ஒருங்கே நின்றது கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது. நாதன் மே மாதத்திற் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போர் முடிந்த பின் 1947-இற் கெடாவிலே தொண்டர் படையினர் பீடோங்குக் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

கடையை மூடு என்றவர் கள்ளின் சுவையறியாதார் அல்லர்; அதனை உண்டவரும் அவர்தம் வீட்டாருமே. கல்விக்கும் கூலிக்கும் சைக்கிளுக்கும் பக்கத்திற் கள்ளுக்கடையை வைத்து அவர் எண்ணினர். அஃது ஒழுக்கம் பற்றிய செய்தி மட்டுமன்று, உரிமை பற்றிய செய்தியும் ஆகும் என்பது அவர் துணிபு. கடையிற் குடித்துவிட்டுக் கபிலரைச் சான்று காட்டுவோர்க்கு இத்தொழிலாளர் தந்த விடையினும் சிறந்த விடை வேறில்லை.

நூலின் குறை

புகழ்ந்ததோடு நில்லாமற் குறையையுங் கூறுதல் திறனாய்வோர் கடன். மலைபடுகடாம் என்னும் பெயர், மலையை யானையாகவும் அதிற் பிறக்கும் பல்வேறு ஒலிகளை அதன் மதமாகவும் கொண்ட உருவகத்தால் வந்தது. அருவியின் ஒலி, ஆலையிற் கரும்பு நெரியும் ஒலி, தினை குற்றும் மகளிர் பாட்டு, நறவுண்ட குறவர் தம் பெண்டிரோடு ஆடும் குரவை ஒலி எனப் புலவர் அவற்றை அடுக்கிச் செல்லும் அழகு ஈடற்றது. ஆயின் அவ்வரிசையிற் புலியாற் புண்பட்ட கணவன் மார்பின் நோவு தணியக் கொடிச்சி பாடும் பாட்டும் ஓர் ஒலியாய் வருகிறது. அப்பெண்ணுக்கு அது பாட்டன்று, பதைப்பு. வழிப்போக்கன் செவிக்கோ அது மலையின் இசையுள் ஒன்றாய்க் கலந்துவிடுகிறது. விருந்தினன் கண்ணாற் கண்ட உலகில் இக்குறை தவிர்த்தற்கு அரியது. தோட்டத்தைக் காணவந்தோர் பலர் மரவரிசையின் ஒழுங்கைப் புகழ்ந்து, சீவுவோர் முதுகை நோக்காது சென்றதும் இவ்வகையதே.

மேலும், பாட்டின் வழி முடிவில் அரண்மனையில் நிற்கிறது. மலையோர் கொடுத்ததெல்லாம் மன்னன் கொடைக்கு முன்னுரையாகிவிடுகிறது. சோறாக்கிய குறமகளுக்குப் பெயரில்லை, நன்னனுக்குப் பெயருண்டு. நமக்கோ இன்று நன்னன் தந்த தேரினும் யானையினும் அவள் இட்ட மூங்கிலரிசிச் சோறே பெரிதாய்த் தோன்றுகிறது.

கற்பிக்கும் முறை

ஆகவே இப்பகுதியை மறைத்தல் வேண்டா. முழுதும் கற்பிக்க. கற்பிக்குங்கால் மூன்று வினாக்களை மாணாக்கர் முன் வைக்க: இதைச் செய்தவர் யார்? கொடுத்தவர் யார்? காலையின் சுமையைத் தாங்கியவர் யார்? பின்பு திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரத்தைத் திறக்க. மலைபடுகடாத்திற்கும் அதற்கும் முரண் என்று மயங்குவார் உளர். வள்ளுவர் முன் நின்றவன் மலையில் ஒருநாள் விருந்துண்ட கூத்தன் அல்லன்; பொருள் கொடுத்துத் தன்னை மறத்தலை வாங்குகின்றவன், பெற்ற தாயும் காணக் கூசுகின்றவன். அவன் நம் லயத்திலும் இருந்தான். இன்றைய அடுக்குமாடி வீட்டிலும் இருக்கிறான்.

இக்கல்விக்குக் கோலாலம்பூர் புதிய இடமன்று. குறிஞ்சி முதலிய நிலங்களையும் பாட்டையும் இயைத்து ஆங்கிலத்தில் நூல் இயற்றிய தனிநாயக அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராய் விளங்கினார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் இந்நகரிலேயே கூடிற்று. நிலத்தை அறிந்தே பாட்டை அறிதல் வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. நம் நிலம் மாறிவிட்டது. பால்மரக் காடுகள் பல செம்பனையாயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாயின. கள்ளின் இடத்தைச் சம்சு முதலிய மலிவுச் சாராயம் பிடித்தது. ஆயினும் அம்மூன்று வினாக்களும் மாறவில்லை. எந்தப் புட்டியின் முன் நின்றும் அவற்றைக் கேட்கலாம்.

மலைபடுகடாத்தில் வழிகூறுவோன் ஒன்று சொல்கிறான்: வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள், பின்னே வருவோர் வழி தவறாதிருப்பர். பழம்பாட்டைப் பயில்வோர் கடமையும் அதுவே. கள்ளுக்கடைக்குச் செல்லும் வழியும் விருந்து வீட்டிற்குச் செல்லும் வழியும் ஒரே அடிகளில் வந்து கூடுகின்றன. அவ்விடத்தில் அடையாளம் இடாமற் கண்ணை மூடிக் கடந்து சென்றால், பின்னே வரும் பிள்ளைகள் எவ்வழியிற் போவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?